மலைமேல ஊசியிலை காட்டுல ஒரு ஓடைய 30 வருஷம் அளக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது

காட்டுல மரத்த கொறச்சா ஓடைல தண்ணி கூடுமா, எவ்ளோ கூடும், எத்தன வருஷத்துக்கு கூடும்? கேள்வி சின்னதா தான் தெரியும். அதனால ரெண்டு வருஷ ப்ராஜெக்ட் போட்டு முடிச்சிடலாம்னு கெளம்புறவங்க நெறைய பேரு. கலிஃபோர்னியா மலைகள்ல ஏப்ரல் 1ஆம் தேதி பனிக்குள்ள எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு வருஷா வருஷம் கணக்கு எடுப்பாங்க. 2015ல அது சராசரில வெறும் 5 சதவீதம், 2023ல சுமார் 237 சதவீதம். ஒரே மலை, ஒரே மரம். இதுல எந்த ரெண்டு வருஷத்த எடுத்து நீங்க முன்ன பின்ன ஒப்பிடுவீங்க? மரம் வெட்டுனதோட விளைவு வானத்தோட ஆட்டத்துக்கு முன்னாடி ரொம்ப சின்னது, அத தனியா பிரிச்சு பாக்கணும்னா நீண்ட காலம் வேணும், பக்கத்துலயே கை வைக்காத இன்னொரு ஓடையும் வேணும்.

அதனால தான் இந்த வேலைல எப்பவும் ஜோடி நீர்ப்பிடிப்பு. நீர்ப்பிடிப்புன்னா ஒரு ஓடைக்கு தண்ணி வடிஞ்சு வர்ற மொத்த நிலம். ஒண்ணு கண்ட்ரோல், அதுல ஒண்ணும் பண்ண மாட்டோம். இன்னொண்ணுல தான் வெட்டுறது, எரிக்கிறது எல்லாம். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டையும் சும்மா அளந்துட்டே இருக்கணும். கொலராடோல வேகன் வீல் கேப்ல 1910ல இத ஆரம்பிச்சாங்க, அமெரிக்கால இந்த மாதிரி ஜோடி ஆராய்ச்சில முதல்ல நடந்தது அது தான். 1919 வரைக்கும் ரெண்டு ஓடையையும் அளந்துட்டு தான் ஒண்ணுல மரத்த வெட்டுனாங்க, அப்புறம் 1926 வரைக்கும் அளந்தாங்க. அதே மாநிலத்துல ஃப்ரேசர் ஆராய்ச்சி காடு 1937ல வந்துச்சு. அங்க ஃபூல் க்ரீக்னு ஒரு ஓடை, பேரு தான் அப்படி, இந்த துறைல அத விட புத்திசாலித்தனமான ஓடை கெடையாது. 10 வருஷத்துக்கு மேல சும்மா அளந்துட்டு 1954ல இருந்து 56க்குள்ள 40 சதவீத பரப்புல பட்டை பட்டையா மரத்த எடுத்தாங்க, தண்ணி ஆரம்ப வருஷங்கள்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுச்சு. அந்த நம்பர இன்னிக்கும் நம்புறோம்னா வெட்டுறதுக்கு முன்னாடி பொறுமையா இருந்த அந்த வருஷங்களால தான்.

சரி இடம் தேடுறதுக்கு வருவோம். 50ல இருந்து 200 ஹெக்டேர் வரைக்கும் ஒரு நீர்ப்பிடிப்பு வசதியா இருக்கும், ரொம்ப சின்னதா எடுத்தா கோடைல ஓடை காஞ்சுடும், ரொம்ப பெருசா எடுத்தா உள்ள என்ன நடக்குதுன்னு பிடிபடாது, வெட்டுறதுக்கும் எவனும் காசு தர மாட்டான். ஜோடில ரெண்டும் ஒரே திசைய பாத்து சரிஞ்சிருக்கணும், ஒரே பாறை, கிட்டத்தட்ட ஒரே உயரம். உயரத்துல ஏமாறாதீங்க. கலிஃபோர்னியால சியரா நெவாடா மலைல கிங்ஸ் ரிவர்னு ஒரு ஆராய்ச்சி இருக்கு, எட்டு சின்ன ஓடைங்க, நாலு நாலா ரெண்டு இடத்துல. கீழ இருக்குறது சுமார் 1500ல இருந்து 2100 மீட்டர், மேல இருக்குறது 2050ல இருந்து 2490 மீட்டர். சராசரியா பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் சில நூறு மீட்டர் தான், ஆனா கீழ மழையும் பனியும் கலந்து விழும், மேல பெரும்பாலும் பனி. அப்போ கீழ இருக்குறத மேல இருக்குறதோட ஜோடி சேத்தீங்கன்னா மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் ஒப்பிடுற கதை தான். அவங்க அப்படி பண்ணல, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கண்ட்ரோல், ஒண்ணுல மரம் கொறைக்கிறது, ஒண்ணுல எரிக்கிறது, ஒண்ணுல ரெண்டும்.

மேப்ல எல்லை கோடு போட்டாச்சுன்னு விட்டுடாதீங்க, எல்லையா நிக்குற மலை முகட்டு மேல ஒரு தடவ முழுசா நடந்து பாருங்க. மரம் வெட்டி ஏத்திட்டு போக போட்ட பழைய ரோடு ஒண்ணு குறுக்க போயிருக்கும், அதோட சாக்கடை பக்கத்து ஓடைக்கு தண்ணிய திருப்பி விட்டிருக்கும், அது எந்த மேப்லயும் இருக்காது. அடில பாறை கிரானைட்டா இருந்தா ஓரளவு நிம்மதி, எரிமலை பாறைன்னா தண்ணி கீழயே ஒரு வழி பாத்து அடுத்த பள்ளத்தாக்குல போயி எட்டிப்பாக்கும்.

இப்ப ஓடைல அளக்குற இடம். இங்க தான் பணத்த போடணும், வேற எங்க வேணா கஞ்சத்தனம் பண்ணிக்கோங்க. மொதல்ல வீரா ஃப்ளூமானு முடிவு பண்ணணும். வீர்ங்கிறது ஓடைக்கு குறுக்க கட்டுற, மேல வெட்டு வெச்ச சுவர்; ஃப்ளூம்ங்கிறது நடுவுல குறுகுற ஒரு கால்வாய்; ரெண்டுலயும் தண்ணி நிக்குற உயரத்த வெச்சு ஓட்டத்த கணக்கு போடுவோம். வி வெட்டு வெச்ச வீர் கம்மி தண்ணிய ரொம்ப துல்லியமா காட்டும், ஆனா பின்னாடி தேங்குற குட்டைல மணல் சேந்துட்டே இருக்கும், அத அள்ளலைன்னா அளவு தப்பாகும். மணல் நெறைய வர்ற ஓடைக்கு பார்ஷல் ஃப்ளூம் நல்லது, மணல் உள்ள பூந்து அந்தப்பக்கம் போயிடும். கிங்ஸ் ரிவர்ல ஒரு ஓடைக்கு ரெண்டு ஃப்ளூம் வெச்சாங்க, பனி உருகுறப்ப வர்ற வெள்ளத்துக்கு பெருசு, செப்டம்பர் மாச நூலு மாதிரி தண்ணிக்கு சின்னது. ஒரே சாமான் ரெண்டையும் நல்லா அளக்காது, இத ஆரம்பத்துலயே ஒத்துக்கிட்டா பின்னாடி தலைவலி கம்மி.

ஏன் இவ்ளோ பிடிவாதம்னா ஒரு கணக்கு பாருங்க. 90 டிகிரி வி வீர்ல ஓட்டம்ங்கிறது நீர் உயரத்த 2.5 அடுக்குக்கு ஏத்தி 1.38ஆல பெருக்குறது, மீட்டர்ல போட்டா விடை நொடிக்கு கன மீட்டர். உயரம் 10 செ.மீ.னா நொடிக்கு சுமார் 4.4 லிட்டர். அதே 11 செ.மீ.னா 5.5 லிட்டர். ஒரே ஒரு செ.மீ. தப்பா படிச்சீங்க, 27 சதவீத தண்ணி சும்மா முளைச்சிருச்சு! நீங்க தேடுற விளைவே அந்த அளவுல தான் இருக்கும். அதனால வீரோட அடி புள்ளிய, அதாவது பூஜ்ஜியத்த, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது லெவல் வெச்சு பக்கத்துல பாறைல அடிச்ச ஆணியோட ஒப்பிட்டு எழுதணும். பனிக்காலத்துல மண்ணு உறைஞ்சு வீங்கும், இரும்பு தூக்கும், ஒரு செ.மீ. எல்லாம் அதுக்கு சாதாரணம்.

அடில கசிவு இருக்கான்னும் பாத்துடுங்க. தடுப்பு சுவர் பாறை வரைக்கும் போயிருக்கணும். கொஞ்சம் கலர் சாயத்த மேல ஊத்திட்டு கீழ எங்க எட்டிப்பாக்குதுன்னு பாத்தா தெரிஞ்சுடும். அது வெட்டு வழியா வராம ஓரத்துல வேருக்கு அடில இருந்து வந்துச்சுன்னா மறுபடி தோண்ட வேண்டியது தான், வேற வழியே இல்ல.

சென்சார பத்தி நெறைய பேசலாம் ஆனா எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல. பிரஷர் சென்சார் போடுங்க, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ லாகர்ல, அதாவது தானா பதிவு பண்ற பெட்டில, ஏறட்டும், காத்தழுத்தத்த கழிக்க மறக்காதீங்க. ஆனா உண்மை எதுன்னு கேட்டா சுவத்துல ஒட்டியிருக்குற அளவுகோல கண்ணால படிச்சு பென்சில்ல எழுதுன நம்பர் தான் உண்மை. ஒவ்வொரு தடவ போறப்பவும், குனிஞ்சு, கண்ண தண்ணி மட்டத்துக்கு கொண்டு வந்து படிக்கணும். நின்னுட்டே மேல இருந்து பாத்து 'ஆங் 12 இருக்கும்'னு எழுதுன ஆள் ஒருத்தர எனக்கு தெரியும், அந்த ஆள் நான் தான், மொத வருஷத்துல. அந்த சீசன் பூரா சென்சாருக்கும் நோட்டுக்கும் ஒரு நூல் அளவு ஒத்துப்போகாம எதுல தப்புன்னு கண்டுபிடிக்க ஒரு குளிர்காலமே போச்சு.

கடிகாரம். லாகர ஸ்டாண்டர்ட் டைம்லயே வெச்சுடுங்க, அமெரிக்கால கோடைக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுற வேலையெல்லாம் இதுல வேண்டாம், நோட்லயும் அதே டைம். இல்லன்னா மார்ச்லயும் நவம்பர்லயும் ஒரு மணி நேரம் காணாம போகும், இல்ல ரெண்டு தடவ வரும். இது ஏன் முக்கியம்னா ஓடைக்கு ஒரு நாள் தாளம் இருக்கு. பனி உருகுற மே மாசத்துல வெயில் ஏற ஏற தண்ணி கூடி சாயங்காலமோ ராத்திரியோ உச்சத்துக்கு போகும். பனியெல்லாம் போயி ஆகஸ்ட் வந்துட்டா தாளம் அப்படியே தலைகீழ், விடிகாலைல தண்ணி அதிகம், பிற்பகல்ல கொறையும், ஏன்னா பகல்ல மரம் குடிக்குது. கிராஃப்ல அந்த சின்ன சின்ன அலைய மொத தடவ பாத்தப்ப சென்சார் கெட்டுப்போச்சுன்னு தான் நெனச்சேன். காடு தண்ணி குடிக்கிறத நேரா பாக்குறோம்னு புரிய நாளாச்சு. இந்த அலை எத்தன மணிக்கு ஏறுது எறங்குதுங்கிறதே ஒரு தகவல், கடிகாரம் தப்புன்னா அது குப்பை.

குளிர்காலத்துல ஃப்ளூம் உள்ள ஐஸ் கட்டும், நீர்மட்டம் ஏறுன மாதிரி லாகர் காட்டும், ஆனா ஓட்டம் ஏறியிருக்காது. அந்த நாட்கள அழிக்காதீங்க, 'ஐஸ்'னு ஒரு குறி போட்டு அப்படியே வைங்க, திருத்துன அளவ பக்கத்துல வேற நெடுவரிசைல எழுதுங்க. கேபிள் எல்லாத்தையும் இரும்பு குழாய்க்குள்ள விடணும். கரடிக்கு கேபிள் மேல அப்படி என்ன ஆசையோ, கடிச்சு பாத்துட்டு தான் போகும்.

வானத்துல இருந்து வர்றத அளக்குறது இன்னும் கஷ்டம். மழமானில பனி நேரா விழாது, காத்து அடிச்சா மேலயே தாண்டி போயிடும், அதனால சுத்தி தகடு தகடா தொங்குற காத்து தடுப்பு போடணும், மரங்களுக்கு நடுவுல ஒரு சின்ன வெட்டவெளில வைக்கணும், ஆனா மரக்கிளை மேல நிக்காத அளவுக்கு தள்ளி. எடை போடுற வகை மானின்னா உள்ள உறையாம இருக்க ஆன்டிஃப்ரீஸ், மேல ஆவியாகாம இருக்க ஒரு மெல்லிய எண்ணெய் படலம். இவ்ளோ பண்ணியும் அது உண்மைய விட கம்மியா தான் காட்டும்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

அதனால பனில குத்தி இறக்கி, உள்ள வந்த பனிய எடை போடுற பனிக்குழாய் வேணும். நெவாடா மாநிலத்துல மவுண்ட் ரோஸ்ல ஜேம்ஸ் சர்ச்னு ஒருத்தர், 1900களோட ஆரம்பத்துல இந்த முறைய கொண்டு வந்தாரு. அதுல இருந்து வளந்த அமெரிக்க குழாயோட வெட்டு வாய் 1.485 இன்ச், அந்த விட்டத்துல உள்ள வர்ற பனி ஒரு அவுன்ஸ் எடை இருந்தா ஒரு இன்ச் தண்ணின்னு அர்த்தம். எவ்ளோ அழகான ஏற்பாடு, தராசே கணக்கு போட்டுடுது. குழாய மொதல்ல நிழல்ல வெச்சு குளிர விடணும், வெயில்ல சூடான குழாய்ல பனி உள்ள ஒட்டிக்கும், பாதி தான் வரும். வெறும் குழாய் எடைய எழுதிக்கணும். நேரா இறக்கணும், தரைய தொட்டதும் கொஞ்சம் திருகி எடுத்தா அடில ஒரு விரல் அளவு மண்ணு, ஊசியிலை எல்லாம் ஒட்டியிருக்கும், அது தான் தரை வரைக்கும் போனதுக்கு சாட்சி. அத கத்தியால நோண்டி எடுத்துட்டு எடை போடணும். மண்ணு இல்லன்னா நடுவுல ஐஸ் தட்டு மேல நின்னுட்டீங்க, மறுபடி குத்துங்க. ஆழம் 200 செ.மீ., தண்ணி 70 செ.மீ.னு வந்தா அடர்த்தி 35 சதவீதம், ஏப்ரலுக்கு நியாயமான நம்பர். ஜனவரில புதுப்பனிக்கு இந்த நம்பர் வந்தா எங்கயோ தப்பு.

புள்ளிகள வெட்டவெளில மட்டும் வெக்காதீங்க. மரத்தடில பனி கம்மி, கிளை மேலயே நின்னு ஆவியாயிடும், இடைவெளில அதிகம். ஒயிட் ஃபிர், சுகர் பைன், இன்சென்ஸ் சிடார், ஜெஃப்ரி பைன்னு கலந்து நிக்குற காட்டுல பத்து அடிக்கு ஒரு கதை. தண்ணி எவ்ளோ கூடும்ங்கிற கேள்வியோட பாதி விடை இந்த இடைவெளிலயே தான் இருக்கு. மரத்தடி, ஓரம், நடு வெளி மூணும் கலந்து பத்து பன்னெண்டு புள்ளி, வருஷா வருஷம் அதே புள்ளி, மரத்துல நம்பர் தகடு. பனிக்கு மேல தெரியுற உயரத்துல அடிங்க, எல்லாரும் ஒரு தடவ கீழ அடிச்சுட்டு ஏப்ரல்ல தேடுவாங்க.

மரங்கள பத்தி சுருக்கமா. நிரந்தர ப்ளாட் போட்டு ஒவ்வொரு மரத்துக்கும் தகடு அடிச்சு நெஞ்சு உயரத்துல சுத்தளவு எடுங்க, அஞ்சு பத்து வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப எடுத்தா போதும். அதே இடத்துல நின்னு அதே திசைல ஃபோட்டோ. மண் ஈரம் மூணு நாலு ஆழத்துல இருந்தா நல்லது, ஆனா இந்த மரங்களோட வேரு மண்ணோட நிக்காம மக்குன பாறைக்குள்ளயும் போயி தண்ணி குடிக்கும், மேல ஒரு மீட்டர்ல வெச்ச சென்சார் மட்டும் பாத்துட்டு காடு காஞ்சு போச்சுன்னு முடிவு கட்டாதீங்க.

எப்ப வெட்டுறது? அஞ்சு வருஷம் கொறஞ்சபட்சம், பத்து இருந்தா நல்லது, அதுல ஒரு வறட்சி வருஷமும் ஒரு நல்ல பனி வருஷமும் வந்திருக்கணும். ரெண்டு ஓடையோட வருஷ ஓட்டத்த ஒரு கிராஃப்ல போட்டு கோடு போடுங்க. நொடிக்கு லிட்டர்னு விட்டுடாம பரப்பால வகுத்து மி.மீ.க்கு மாத்திக்கோங்க. 100 ஹெக்டேர்ல நொடிக்கு 5 லிட்டர் ஒரு நாள் பூரா ஓடுனா 432 கன மீட்டர், அதாவது அரை மி.மீ.க்கும் கொஞ்சம் கம்மி. வெட்டுனதுக்கு அப்புறம் புள்ளிகள் அந்த கோட்டுக்கு மேல போகுதா, எவ்ளோ போகுது, அது தான் விடை. கொஞ்சமா வெட்டிட்டு பெருசா எதிர்பாக்காதீங்க. 1982ல பாஷ், ஹியூலெட் ரெண்டு பேரும் 94 நீர்ப்பிடிப்புகள சேத்து பாத்தப்ப ஊசியிலை மரப்பரப்புல 10 சதவீதம் மாறுனா வருஷத்துக்கு சுமார் 40 மி.மீ. மாறுதுன்னு சொன்னாங்க. 1996ல ஸ்டெட்னிக் பாத்ததுல பொதுவா பரப்புல 20 சதவீதமாவது வெட்டுனா தான் அளவுல தெரியுற மாதிரி மாற்றம் வருது. தீ அபாயத்த கொறைக்க அங்கங்க சின்ன மரம் எடுக்குற வேலைல, அதுவும் வறண்ட வருஷத்துல, கோட்டுக்கு மேல ஒண்ணும் தெரியாம போகலாம். மிச்சம் நிக்குற மரமே அந்த தண்ணிய குடிச்சுடும்.

கிங்ஸ் ரிவர்ல இது தான் நடந்துச்சு, 2012ல மரத்த கொறைச்சாங்க, கூடவே அந்த பெரிய வறட்சி வந்து நாலு வருஷம் உக்காந்துருச்சு. பட்டைக்குள்ள பூந்து மரத்த கொல்ற வண்டு வேற. 2010ல இருந்து 2017க்குள்ள கலிஃபோர்னியால 12.9 கோடி மரம் செத்துச்சு, அதுல நெறைய தெற்கு சியரால. கண்ட்ரோல்ல மரத்த வெட்டாதேன்னா வண்டுகிட்ட யாரு போயி சொல்றது? 2020 செப்டம்பர்ல, கிங்ஸ் ரிவர் ஆராய்ச்சி இருக்குற அதே சியரா தேசிய காட்டுல க்ரீக்னு பேரு வெச்ச காட்டுத்தீ, கிட்டத்தட்ட 3.8 லட்சம் ஏக்கர். அதனால முடிஞ்சா ரெண்டு கண்ட்ரோல் வைங்க, கொஞ்சம் தள்ளி தள்ளி.

தீ வந்தா எல்லாம் போச்சுன்னும் இல்ல. அரிசோனால வொர்க்மேன் க்ரீக், கலப்பு ஊசியிலை காடு, 1930களோட கடைசில வீர் கட்டுனாங்க, 1953ல இருந்து வெட்டி பாத்தாங்க, 1983ல மூடிட்டாங்க. 2000ல கூன் க்ரீக் தீ அந்த வழியா போச்சு. அந்த வீர்கள தூசி தட்டி மறுபடி தெறந்து, எரிஞ்ச காட்டுல இருந்து எவ்ளோ தண்ணி வருதுன்னு பழைய அளவோட ஒப்பிட்டாங்க. 17 வருஷம் சும்மா கெடந்த இடம், ஆனா பழைய நம்பர் எப்படி எடுத்ததுன்னு எழுதி வெச்சிருந்தாங்க, அதனால தான் முடிஞ்சுது.

அதுக்காக நோட்டுக்கு வாங்க. நனையாத பேப்பர், பென்சில், ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், அளவுகோல், வானிலை, என்ன தொட்டோம், என்ன மாத்துனோம். சென்சார் மாத்துறீங்கன்னா பழசையும் புதுசையும் ஒரு வருஷமாவது சேத்து ஓட்டுங்க. ஆள் மாறுனாலும் அப்படியே, போறவரும் வர்றவரும் ஒரு பனிக்காலம் சேந்து நடக்கணும், ஏன்னா 'அந்த பாறைக்கு பின்னாடி பனி பாலம் உள்ள இடியும்'ங்கிறத யாரும் எழுதி வெக்க மாட்டாங்க. காத்து அடிக்கிற நாள்ல செத்த மரம் நிக்குற பக்கம் போகாதீங்க, தனியா மட்டும் எப்பவும் போகாதீங்க. மூலத் தரவு ஃபைல்ல யாரும் கை வெக்கக்கூடாது, திருத்தம் எல்லாம் நகல்ல.

வருஷ கணக்கு அக்டோபர் 1ல இருந்து செப்டம்பர் 30. செப்டம்பர் கடைசி வாரம் ஓடை நூலு மாதிரி ஓடுறப்ப வண்டல் தொட்டிய, அதாவது ஓடை அடிச்சுட்டு வர்ற மணல் தங்குற தொட்டிய, காலி பண்ற வேலை. தண்ணிய திருப்பி விட்டுட்டு வாளி வாளியா அள்ளி, ஒவ்வொரு வாளியையும் எடை போட்டு, கொஞ்சம் மாதிரி பைல எடுத்து லேப்ல 105 டிகிரில காய வெக்கணும். மணல விட மக்குன ஊசியிலை தான் அதிகம் இருக்கும், அதையும் தனியா பிரிச்சு எடை போடுங்க, இடுப்பு போயிடும், பரவால்ல. முடிச்சதும் தொட்டி அடிய ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு, தண்ணிய பழைய வழில விட்டு, மட்டம் நிக்குற வரைக்கும் ஒரு அரைமணி நேரம் உக்காந்திருந்து, குனிஞ்சு அளவுகோல படிச்சு புது பக்கத்துல எழுதிட்டு வாங்க.